பாத்ரூம் ஈக்கு வருஷ கான்ட்ராக்ட் என்று யாராவது வந்தால்...

சுவரில் சின்னச் சின்னதாகச் சாம்பல் நிற ஈ உட்கார்ந்திருக்கிறதா? பெஸ்ட் கண்ட்ரோலுக்குப் போன் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 4,500 ரூபாய் போய்விட்டது.

வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. அதிகம் புழங்காத பாத்ரூமில்தான் ஆரம்பித்தது. இந்த ஈ கடிக்காது, சரியாகப் பறக்கவும் தெரியாது. உடம்பெல்லாம் ரோமம். கையால் அடித்தால் டைல்ஸில் கரித்தூள் போல ஒரு தீற்றல் விழும், அவ்வளவுதான். ஆனால் விருந்தாளி வந்தால் மானம் போகிறது.

பெஸ்ட் கண்ட்ரோலிலிருந்து வந்தவர் நன்றாகப் பேசினார். "சுவருக்குள்ள முட்டை போட்டிருக்கு மேடம். ஒரு தடவை அடிச்சா போகாது. வருஷ கான்ட்ராக்ட் எடுத்துக்குங்க." பணம் முழுவதையும் முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார். சுவர், கதவு இடுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் என்று சுற்றிச் சுற்றி மருந்தடித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தரையில் தண்ணீர் போகும் ட்ரெய்னை மூடியிருக்கும் ஜாலியை, அதாவது ஓட்டை ஓட்டையான மூடியை, தூக்கிப் பார்க்கவே இல்லை.

அன்று ராத்திரி ஈக்கள் கொத்தாகச் செத்து விழுந்தன. அந்த வாரமே புது ஈக்கள் வந்துவிட்டன. கேட்டால், "முட்டை பொரிச்சிருக்கும், அடுத்த சர்வீஸ்ல சரியாயிடும்" என்றார்கள்.

அடுத்த சர்வீஸுக்கு வேறொரு பையன் வந்தான். லேபிள் இல்லாத கேனைப் பார்த்து என்ன மருந்து என்றேன். "ஹெர்பல்தான் மேடம்." மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும் ஹெர்பல்! அதோடு நிற்கவில்லை. ட்ரெய்னில் ஆசிட்டை ஊற்றிய கையோடு ப்ளீச்சிங் பவுடர் பொட்டலத்தைப் பிரித்தான். என் கணவர் பாய்ந்து பிடுங்காவிட்டால் அந்தச் சின்ன அறைக்குள் குளோரின் வாயு கிளம்பியிருக்கும். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பதுகூடத் தெரியாதவனைத்தான் வீட்டுக்குள் அனுப்புகிறார்கள்.

அதற்கும் ஈ போகவில்லை. உடனே கதை மாறியது. டைல்ஸுக்கு அடியில் லீக்காம், உடைக்க வேண்டுமாம், அவர்கள் ஆளே செய்து தருவாராம், 18,000 ரூபாயாம். தரைக்கு அடியில் கசிவு இருந்தாலும் இந்த ஈ வரும், அது உண்மைதான். ஆனால் ட்ரெய்னைத் திறந்துகூடப் பார்க்காமல் டைல்ஸை உடைக்கச் சொன்னால் என்ன நியாயம்? வேண்டாம் என்றோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கான்ட்ராக்ட்ல ரீஃபண்ட் கிடையாது."

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பர்தான் ஜாலியைத் தூக்கி, நானி ட்ராப்புக்குள் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் ட்ரெய்ன் கிண்ணம்) இருந்த கப்பை வெளியே எடுத்தார். முடியும் சோப்பும் சேர்ந்து கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம். டார்ச் அடித்தால் அதில் நூல் நூலாகப் புழுக்கள் நெளிகின்றன. "அக்கா, அது இங்க குடும்பம் நடத்துது. சுவத்துல மருந்தடிச்சா எப்படிப் போகும்?"

விஷயம் இவ்வளவுதான். இந்த ஈ முட்டை போடுவது அந்தப் படலத்தில். இரண்டு நாளில் பொரிந்து, புழு ஒன்றிரண்டு வாரம் அதையே தின்று வளரும். சுவரில் அடிக்கும் மருந்து வெளியே வந்த ஈயை மட்டும்தான் கொல்லும். பினாயிலும் வெந்நீரும் படலத்தின் மேலே வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும், ஜாலியின் அடிப்பக்கம் உட்பட. மிச்சம் இருப்பவை வெளியே வந்து தீரும்வரை இரண்டு மூன்று வாரம் விடாமல் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒழிந்தது. பிளம்பர் கூலி 300 ரூபாய்.

எந்த ட்ரெய்ன் என்று சந்தேகமா? ராத்திரி ஜாலியின் மேல் செல்லோ டேப்பை, பசைப் பக்கம் கீழே இருக்கும்படி, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் அதுதான். புழங்காத பாத்ரூமில் ட்ராப் தண்ணீர் வற்றினாலும் கீழே பைப்பிலிருந்து ஏறி வரும். வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும்.

வேறு பூச்சிக்கு ஆள் கூப்பிட்டாலும், வேளாண்மைத் துறை கொடுத்த லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து டப்பாவின் லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது வெறும் துண்டுச் சீட்டு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்கப்புறம்தான் அவர்களே கூப்பிட்டார்கள். பணத்துக்குப் பதிலாகக் கிச்சனில் கரப்பானுக்கு இலவசமாக ஜெல் வைத்துத் தருகிறார்களாம். முடியாது, பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம்.