உயில் எழுதித் தந்தவர்களே எக்ஸிகியூட்டரும் ஆனார்கள்: எங்கள் வீட்டில் நடந்தது

பெயர் போடவில்லை. வழக்கு பாதியில் நிற்கிறது, வக்கீல் வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்களிடம் வந்த அதே ஃபைலும் அதே பேச்சுமாக வேறொரு வீட்டில் இன்றைக்கு யாராவது உட்கார்ந்திருக்கலாம். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. வீட்டுக்கே வந்து உயில் எழுதித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். கட்டணம் ரொம்பக் குறைவு. இவ்வளவு மலிவாக எழுதிக் கொடுத்துவிட்டு இவர்கள் எதில் சம்பாதிக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். "நீங்க வக்கீலா சார்?" என்று கேட்டேன். "எங்களுக்கு லீகல் டீம் இருக்கு தம்பி" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

உயில், ஒரு டிரஸ்ட் பத்திரம், அப்பாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட என் பெயருக்கு ஒரு பவர். மூன்றும் தங்க எழுத்துப் போட்ட தடித்த ஃபைலில் வந்தன. அப்பா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே இருந்தது உயிலின் நகல்தான். அசலை 'பத்திரமாக, இலவசமாக' அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அப்பா போன இரண்டாவது வாரம் அசலைக் கேட்டு போன் செய்தேன். "ஏழாவது பத்தியைப் படிச்சுப் பாருங்க சார்" என்றார்கள்.

படித்தேன். உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டர் அந்த நிறுவனம் மட்டுமே. சொத்தின் மொத்த மதிப்பில் சதவீதக் கட்டணம். எத்தனை சதவீதம்? 'அப்போது நடைமுறையில் உள்ள கட்டண அட்டவணையின்படி.' அந்த அட்டவணை அவர்கள் கையில். வீடு யாருக்கு, பணம் யாருக்கு என்ற பத்திகளை நாங்கள் எல்லோரும் நாலு தடவை படித்திருந்தோம். இந்தப் பத்தி ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவர்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வைத்திருந்த ஜாயிண்ட் அக்கவுண்ட், உயிரோடு இருப்பவருக்கே போகும் வகை. இன்சூரன்ஸ் பணம் நாமினி என்ற முறையில் அம்மா கைக்கு நேராக வந்துவிட்டது. இரண்டுமே உயில் வழியாக வரவே இல்லை. இரண்டையும் கூட்டி அதற்கும் சதவீதம் போட்டிருந்தார்கள். வீட்டுக் கடனில் மிச்சம் இருந்ததைக் கழிக்கவும் இல்லை.

பவர் கதை தனி. "அப்பாவுக்கு அப்புறமும் இதை வச்சு நீங்க கையெழுத்துப் போடலாம்" என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். நம்பி பேங்குக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கொடுத்தவர் இறந்துட்டா பவரும் அதோட முடிஞ்சுது தம்பி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. டிரஸ்ட் இன்னும் மோசம். வீட்டை டிரஸ்ட் பெயருக்கு மாற்றினால்தான் அந்தப் பத்திரத்துக்கு அர்த்தமே. யாரும் மாற்றவில்லை. காசு கொடுத்து ஒரு காலிப் பெட்டி வாங்கியிருக்கிறோம்.

எக்ஸிகியூட்டராகப் பெயர் போடப்பட்டவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து விலகிவிடலாம். தொடங்கிவிட்டால் அது அவ்வளவு சுலபமில்லை, கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கும். இது தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் போனிலேயே கெஞ்சிக்கொண்டிருந்தோம். அதற்குள் அவர்கள் பேங்குக்கு எழுதி, அப்பாவுக்கு வரவேண்டிய பாக்கிகளை வசூலிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் வீட்டு உயிலில் இப்படி ஒரு பெயர் இருந்தால் முதல் வாரத்திலேயே, எழுத்தில், விலகச் சொல்லிக் கேளுங்கள். அதைவிட நல்லது, உயில் எழுதியவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே மாற்றி எழுதுவது. எக்ஸிகியூட்டர் வெளியாளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொத்து வாங்கப்போகிற பிள்ளையே இருக்கலாம். சாட்சிக் கையெழுத்து விஷயம்தான் வேறு. 1837-இல் வந்த இங்கிலாந்து உயில் சட்டத்தின்படி, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிவைத்த பங்கு செல்லாது. அந்தச் சட்டத்தின் வழி வந்த பல நாடுகளில் இன்றும் இதே மாதிரி விதி உண்டு. எங்கள் உயிலில் சாட்சிகள் இரண்டு பேரும் அந்த ஆபீஸ் ஆட்கள். அந்த ஒன்று மட்டும் உருப்படியாக நடந்திருக்கிறது.

ஒருவழியாக அசல் வெளியே வந்தபோது எங்கள் வக்கீல் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது மூலையில் ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டைகள் இரண்டு ஜோடி இருந்தன. ஸ்கேன் எடுக்க யாரோ பின்னைப் பிடுங்கி, மறுபடி அடித்திருக்கிறார்கள். இதனால் என்ன என்று கேட்டேன். "இதோட வேற தாள் ஏதாவது இருந்துச்சா, உருவிட்டாங்களான்னு புரொபேட்ல, அதான் உயில் செல்லும்னு கோர்ட்டு உறுதி செய்யுற இடத்துல, கேப்பாங்க. இல்லைன்னு யாராவது சத்தியப் பிரமாணம் கொடுக்கணும்." பின்னைப் பிடுங்கிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம்.

போன மாதம் அம்மா தன் உயிலை இந்த வக்கீலிடமே எழுதினார். அவர் முதலில் செய்த காரியம் என்னை அறையைவிட்டு வெளியே அனுப்பியது. உயில் என்றால் என்னவென்று புரிகிறதா, தன்னிடம் என்னென்ன இருக்கிறது, யார் யாருக்கு உரிமை உண்டு என்று அம்மாவையே சொல்லவைத்து, தேதி போட்டுக் குறித்துக்கொண்டாராம். 1870-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கிலிருந்து வந்த கேள்விகள் அவை, நாளைக்கு யாராவது 'கிழவிக்கு நினைவு சரியில்லை' என்று கிளம்பினால் இந்தக் குறிப்புதான் பேசும் என்றார். அப்பா உயில் எழுதிய அன்றைக்கு நாங்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவருக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா வெளியே வந்தார். எக்ஸிகியூட்டர் யார் என்று கேட்டேன்.

"உனக்கெதுக்கு அதெல்லாம்? வண்டியை எடு."