கம்பி உடல் வழியாக வரட்டுமா, மேலேயே மாட்டலாமா?

டெலிகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கம்பியைப் பின்பக்கத்திலிருந்து உடல் வழியாகக் கோத்து எடுக்கும் ஸ்ட்ரிங்-த்ரூ நல்லதா, பிரிட்ஜின் (உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் தகடு) பின்விளிம்பிலேயே மாட்டிவிடும் டாப்-லோடர் நல்லதா? "ஸ்ட்ரிங்-த்ரூதான், சஸ்டெயின் அள்ளும்" என்று பதில் உடனே வரும்; மீட்டிய ஒலி நீடித்து நிற்பதுதான் சஸ்டெயின். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வித்தியாசம் உண்டு, ஆனால் அது காதுக்குத் தெரிவதைவிட விரலுக்குத்தான் தெரியும்.

ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் கொண்டுவந்த டெலிகாஸ்டர் குடும்பத்தில் ஸ்ட்ரிங்-த்ரூதான் வழக்கம். 1959-ஐ ஒட்டிச் சிறிது காலம் மட்டும் பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்பில் துளை போட்டு அங்கேயே கம்பியை மாட்டினார்கள். பிறகு பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். அதனால் டாப்-லோடர் என்றாலே மட்டம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிம் கேம்பிலாங்கோ அந்த 1959 டாப்-லோடரையே விரும்பி வாசிப்பவர். கம்பியை அவர் வளைக்கிற வளைப்பைக் கேட்டால் அது மட்டமான கருவி என்று சொல்ல வாய் வராது.

ஸ்ட்ரிங்-த்ரூவில் கம்பியின் இழுவிசை கூடும் என்பதும் தவறு. கழுத்தின் நுனியில் கம்பியைத் தாங்கும் நட்டுக்கும் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலுக்கும் இடையே உள்ள நீளம் (ஸ்கேல்), கம்பியின் கனம், ட்யூன் செய்யும் சுருதி, இந்த மூன்றும்தான் இழுவிசையைத் தீர்மானிக்கின்றன. 648 மில்லிமீட்டர் ஸ்கேலில் 10–46 செட் (கம்பிகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மாட்டினால் ஆறு கம்பியும் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தப் பக்கம் மாட்டினாலும் அதே 45தான்.

மாறுவது இரண்டு விஷயம். ஒன்று, சேடிலுக்கு அப்பால் மிச்சமிருக்கும் கம்பியின் நீளம். பெண்ட் செய்யும்போது, அதாவது கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும்போது, அந்த மிச்சமும் கொஞ்சம் சேர்ந்து நீளும். மிச்சம் அதிகமாக இருந்தால் அதே சுருதியை எட்ட விரல் கூடுதல் தூரம் தள்ள வேண்டும். இரண்டு விதமாகவும் மாட்டக்கூடிய பிரிட்ஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரே செட் கம்பியை முதலில் மேலே மாட்டினேன், மறுநாள் உடல் வழியாகக் கோத்தேன். இரண்டாம் கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால், மேலே மாட்டியபோது விரல் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளும் பதிவு செய்ததை எது எதுவென்று தெரியாமல் நண்பரைப் போடச் சொல்லிக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, சேடிலில் கம்பி மடங்கும் கோணம். இதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஸ்ட்ரிங்-த்ரூவில் கம்பி செங்குத்தாக இறங்குவதால் சேடிலை நன்றாக அழுத்தும். டாப்-லோடரில் சேடிலைத் தாழ்த்திவைத்தால் கம்பி கிட்டத்தட்ட நேராகவே போகும். அழுத்தம் போதாது. பலமாக ஸ்ட்ரம் செய்தால் கம்பி சேடிலில் பக்கவாட்டில் நகரும், கிணுகிணுக்கும். டாப்-லோடரில் சஸ்டெயின் இல்லை என்று புலம்புகிற பலர் உண்மையில் இந்தக் கோணத்தைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். கழுத்துக்கு அடியில் மெல்லிய ஷிம் (சிறு தகடு) வைத்தால் சேடிலை உயர்த்திக்கொள்ளலாம், தொல்லை தீரும்.

கம்பி மாற்றும் நேரத்தில் டாப்-லோடருக்கு ஈடில்லை. பிரிட்ஜின் பின்விளிம்புத் துளையில் நுழைத்து இழுத்தால் நுனிக் குண்டு விளிம்பில் டக்கென்று உட்காரும். ஸ்ட்ரிங்-த்ரூவில் கிட்டாரைக் கவிழ்க்க வேண்டும், முனை துளைக்குள் எங்கேயோ இடிக்கும், திருப்பித் திருப்பிக் குத்தி வழி தேட வேண்டும். பழைய கிட்டாரில் பின்னாலுள்ள ஃபெரூல் (கம்பியின் குண்டு உட்காரும் உலோகக் குப்பி) தளர்ந்திருந்தால் கழன்று உருண்டு ஓடும். கச்சேரி நடுவில் கம்பி அறுந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. உடல் வழியாகக் கோப்பதாக இருந்தால் கம்பி அந்த நீளத்துக்குப் போதுமா என்று வாங்குமுன்பே அளந்துவிடுங்கள்.

என் கைக்கு டாப்-லோடர். ரிதம் மட்டுமே ஓங்கி அடிப்பவருக்கு ஸ்ட்ரிங்-த்ரூ சொல்வேன். பழைய கிட்டார் பார்க்கப் போனால் திருப்பிப் பாருங்கள்: ஆறு ஃபெரூலும் ஒரே வரிசையில், மரத்தோடு மட்டமாக இருக்கின்றனவா? பிறகு முன்பக்கம் திருப்பி, ஆறாம் கம்பியைச் சேடிலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், நகர்கிறதா என்று.