பொதுக்கல்விப் பாடங்கள்: படித்து முடித்தவரின் மதிப்புரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 120 கிரெடிட்டுகளில் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகுகளில்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எழுத்துப் பயிற்சி, கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல், கலை இலக்கியம் என வகுக்கப்பட்ட பொதுக்கல்விப் பாடங்களுக்கே போய்விடுகிறது. அங்குள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலோடு இவற்றையும் படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கொடுத்த கட்டணத்துக்கு முழுப் பயன் தந்தது எழுத்துப் பயிற்சி வகுப்புதான். கட்டுரையின் முதல் வரைவைத் திருப்பித் தரும்போது, பத்திக்குப் பத்தி ஓரத்தில் "இதற்குச் சான்று எங்கே?" என்று ஆசிரியர் பென்சிலால் எழுதியிருப்பார், அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வாதத்தை அடுக்கக் கற்றுக்கொண்டேன். பெரிய அரங்கில் நடந்த உளவியல் அறிமுகப் பாடமோ, சரியான விடையைக் குறிக்கும் தேர்வோடு முடிந்துபோனது.

பெருங்குறை, ஒரு கல்லூரியில் பெற்ற கிரெடிட்டை இன்னொன்றில் ஏற்கும் கிரெடிட் மாற்றத்தில் உள்ளது. ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் நான் முடித்திருந்த வரலாற்றுப் பாடத்தைப் பல்கலைக்கழகம் விருப்பப்பாடமாக மட்டும் ஏற்று, பொதுக்கல்விக் கணக்கில் சேர்க்க மறுத்ததால், ஏறக்குறைய அதே பாடத்துக்கு மீண்டும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. இது மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

கொலம்பியா பல்கலைக்கழகம் 1919 முதல் பொதுப்பாடங்களைக் கட்டாயமாக்கி வருகிறது; பிரவுன் பல்கலைக்கழகமோ 1969இல் அக்கட்டாயத்தையே நீக்கியது. இப்படி விதி இடத்துக்கு இடம் மாறுவதால், சேருமுன் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தப் பாடம் எந்தக் கணக்கில் ஏறும் என்பதை ஆலோசகரிடம் எழுத்துப்பூர்வமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.