தோவாளை பூச்சந்தை: கல்யாணப் பூவுக்கு நம்பிப் போகலாமா?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகும் ரோட்டில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் தோவாளை. குமரி மாவட்டத்தில் கல்யாணப் பூ என்றால் முதலில் வாயில் வரும் பெயர் இதுதான். நம்பிப் போகலாம். ஆனால் எண்ணிக்கையும் நேரமும் யார் கையில் என்று வீட்டில் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். அது அம்மா கையில் இருப்பதே நல்லது. நிறத்தையும் மாலையின் அமைப்பையும் கல்யாணம் செய்துகொள்ளும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். "மக்களே, உனக்கு என்ன நிறம் வேணும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டு, புடவையின் ஒரு படத்தை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

சந்தையின் பலம் பிச்சிப்பூ. ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கத்துத் தோட்டங்களில் பறித்த மொட்டு அன்றைக்கே வந்துவிடும். மல்லி மதுரை, சங்கரன்கோவில் பக்கமிருந்தும், ரோஸ் ஓசூர், பெங்களூரிலிருந்தும் வருகிறது. தூரத்துப் பூ வண்டியில் கசங்கி வர வாய்ப்பு உண்டு. ரோஸ் கட்டைக் கையில் எடுத்ததும் நடுவில் உள்ள பூவை விரித்துப் பாருங்கள். மேலே இருப்பது எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அதிகம் பேர் தவறுவது நேரத்தில். மல்லியும் பிச்சியும் காலையில் மொட்டு, சாயங்காலம் மலர்ச்சி, மறுநாள் காலையில் வாட்டம். காலை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வாங்கினால், தாலி கட்டும் நேரத்தில் தலையில் இருப்பது பழுப்பேறிய பூ. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் வந்த மொட்டுதான் வேண்டும். சாயங்கால ரிசப்ஷனுக்கு அதே காலை மொட்டு சரியாக விரியும். முந்தின நாள் வாங்குவதைத் தவிர்க்க முடியாவிட்டால், ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். ரோஸ் இதழ் மாலையில் தண்ணீர் தெளிக்கவே கூடாது: நனைந்த இதழ் கறுத்து, சாயம் பட்டுச்சேலையிலும் வேட்டியிலும் இறங்கும்.

அளவு எளிது. பெண்ணின் சடைக்கு ஐந்தாறு முழம். வரும் பெண்களுக்கு ஆளுக்கு அரை முழம் என்றால் நூறு பேருக்கு ஐம்பது முழம். முழம் விற்பவரின் கை நீளம் என்பதால், மொத்தமாக வாங்கும்போது வீட்டு நாடாவால் ஒரு சரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார்கள். மாலைக்கு அளவு வேறு: கழுத்திலிருந்து முழங்கால் வரை பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனித்தனியாக எடுத்து, சென்டிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். மாலை மாற்றும் சடங்கில் இதழ் மாலையின் கனம் கழுத்தை அழுத்தும். ஒரு மணி நேரம் நிற்கப்போகும் பிள்ளைக்குச் சம்பங்கி கலந்த மெல்லிய மாலை போதும். சர்ச் கல்யாணம் என்றால் பொக்கேயைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். சந்தைக்குள் உதிரிப்பூக்காரரும் மாலை கட்டுபவரும் ஒருவர் அல்ல, ஆர்டரும் ஒன்றாக முடியாது.

தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடக்கி, மணி பதித்த பாய்போலத் தட்டையாகக் கட்டுகிற வேலை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலோடு நீண்ட உறவுள்ள மாலை இது. பார்க்க அழகு, இதழும் கொட்டாது. கட்டத் தெரிந்தவர் குறைவு என்பதால் கடைசி நேரத்தில் கேட்டுக் கிடைக்காது; தேதி குறித்ததும் சொல்லிவிடுங்கள். அரளி நச்சுள்ள செடி, அதனால் அதைச் சாப்பாட்டு மேசைக்கும் சின்னக் குழந்தைகள் கைக்கும் தூரமாக வையுங்கள்.

குறைகளும் உண்டு. விலைப்பலகையை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் குறிப்பிலும் விலை எழுதவில்லை, ஏனென்றால் இன்று எழுதினால் நாளைக்கே பொய்யாகிவிடும். ஆவணி முகூர்த்தமும் ஓணமும் ஒட்டி வந்தால் கேரள வண்டிகள் பூவை அள்ளிக்கொண்டு போகும், கேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி விலைகூட ஏறும். அந்த வாரத்தில் கல்யாணம் என்றால் பட்ஜெட்டில் பூவுக்குத் தனி ஒதுக்கீடு வையுங்கள். முன்பணம் கொடுக்கும்போது, "அன்றைய விலை"யா "பேசிய விலை"யா என்று துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் தகராறு வருவது அந்த இடத்தில்தான்.

கூட்டத்தில் பேரம் பேச மகளையோ மகனையோ இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நிறம் பார்க்க ஒரு நாள் வந்தால் போதும். கல்யாணத்தன்று பூ எடுத்துவரும் தம்பி முறைக்காரர் யார், அவர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கடைக்காரர் நம்பர் யாரிடம் என்பதை எழுதி மண்டபத்தில் ஒருவரிடம் கொடுங்கள். மேக்கப் நாற்காலியில் இருக்கும் பெண்ணின் போனுக்கு அந்த அழைப்பு வரக் கூடாது.