மாங்கூழ் ஏற்றுமதி: பன்னாட்டு வங்கியா, அரசு வங்கியா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துபவர் எச்.எஸ்.பி.சி., சிட்டி மாதிரி பன்னாட்டு வங்கிக்குப் போகலாமா, இந்தியன் வங்கியே போதுமா? இரண்டும் எதில் சம்பாதிக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

அரசு வங்கிக்கு முக்கிய வருமானம் வட்டி. நம் டெபாசிட்டை வாங்கி நகைக்கடன், பயிர்க்கடன், சி.சி. (கேஷ் கிரெடிட், தொழில் நடத்த வரம்புக்குள் தேவைப்படும்போது எடுக்கும் கடன்) என்று கூடுதல் வட்டிக்குக் கொடுக்கிறது. பன்னாட்டு வங்கிக்கும் வட்டி வருமானம் பெரியதுதான், ஆனால் பணம் நாடு விட்டு நாடு போகிற வழியெல்லாம் அதற்குக் காசு: துபாயில் வாங்குபவருக்காக எல்.சி. (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருகிறோம் என்று அவர் வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்தால் கமிஷன், அந்த எல்.சி.க்கு உத்தரவாதம் தந்தால் கமிஷன், ஆவணம் சரிபார்க்கக் கட்டணம், டாலரை ரூபாயாக்கும்போது விலையில் ஒரு பங்கு. சிட்டி 2023 மார்ச்சில் இங்கிருந்த சில்லறை வங்கித் தொழிலை ஆக்சிஸுக்கே விற்றுவிட்டது, அதற்கு வேண்டியது கம்பெனிகள்தான்.

டாலர் விஷயத்தில் இரண்டு பக்கமும் உஷாராக இருக்கணும். ஒரு லட்சம் டாலர் பில்லில், சந்தை விலையைவிட 50 பைசா குறைத்துப் போட்டால் 50,000 ரூபாய் போச்சு, அது கட்டணம் என்ற பெயரில் எந்தக் கணக்கிலும் தெரியாது. கார்டு ரேட்டுக்கு (வங்கி அன்றைக்கு எல்லோருக்கும் அறிவிக்கும் விலை) ஒத்துக்கொள்ளாமல், மாற்றும் நேரத்துச் சந்தை விலையைக் கேட்டுப் பேரம் பேசுங்கள்.

சீசன் பணத்துக்கு அரசு வங்கிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜூனில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும், தோட்டக்காரருக்கு உடனே பணம் தரணும், ஆனால் டிரம்மில் அடைத்த கூழ் கப்பலேறிக் காசாக மாதக்கணக்காகும். அந்த இடைவெளிக்குப் பேக்கிங் கிரெடிட் (சரக்கு கப்பலேறும் முன் ஏற்றுமதியாளருக்குத் தரும் கடன்) தர, குடோனுக்கே வந்து டிரம்மை எண்ணிப் பார்க்கிற மேனேஜர் உள்ளூரில் வேண்டும்.

பன்னாட்டு வங்கி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. வாங்குபவர் வெளிநாட்டுப் பெரிய குளிர்பானக் கம்பெனி, அவருக்கும் அதே வங்கி என்றால், அவர் உங்கள் பில்லை ஒத்துக்கொண்டதுமே வங்கி வட்டியைக் கழித்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும், வட்டியும் உங்கள் ஆலையை வைத்து இல்லாமல் அவருடைய கடன் தரத்தை வைத்தே போடப்படும், பொதுவாக நிலப் பத்திரம் அடமானம் கேட்கமாட்டார்கள்.

சரி, என் யோசனை: சி.சி.யும் பேக்கிங் கிரெடிட்டும் இங்கேயே இருக்கட்டும், அந்த ஒரு பையரின் பில்களை மட்டும் அங்கே கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் பழைய வங்கியிடம் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கிவிடுங்கள், ஏனென்றால் சரக்கை மட்டுமில்லாமல், வாங்குபவரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டிய பாக்கியையும் சேர்த்துத்தான் அது பெரும்பாலும் ஈடாக எழுதி வாங்கியிருக்கும்.