இல்லாத பம்ப்புக்கு 2,850 ரூபாய்: சேலத்தில் காபி மேக்கரைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

சேலத்தில் காபி மேக்கர் பழுதானால், இணையத்தில் தேடியதும் முதலில் வந்து நிற்கும் "கம்பெனி சர்வீஸ் சென்டர்" கைபேசி எண்களை அழைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டு மெஷினில் இல்லவே இல்லாத ஒரு பாகத்தை மாற்றியதாகப் பில் எழுதி 2,850 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். மெஷின் தீப்பிடிக்காமல் காக்கும் பாகத்தையும் கழற்றிவிட்டு, அப்படியே பயன்படுத்தச் சொல்லித் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

எங்களுடையது மேலே காபித்தூள் கூடையும் கீழே கண்ணாடி ஜாடியும் உள்ள சாதாரண டிரிப் வகை மெஷின். எங்கள் வீட்டில் மேட்டூர்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே போதும் என்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். காலை அவசரத்தில் மெஷினுக்கும் அதுவே போய்க்கொண்டிருந்தது. முதலில் காபி இறங்க நேரம் பிடித்தது, பிறகு குமிழிச் சத்தம் அதிகமாகி, தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே நிற்க ஆவி மட்டும் வந்தது, கடைசியில் சுவிட்ச் விளக்கு எரிந்தும் மெஷின் சூடாகவே இல்லை. வாரண்டிக் கார்டில் இருந்த எண் கிடைக்காததால், மெஷினின் பிராண்டு பெயரைப் போட்டுத் தேடி, அதே பெயரும் சின்னமும் போட்டிருந்த ஒரு விளம்பரத்தில் கண்ட எண்ணை என் கணவர் அழைத்தார்.

அன்று மாலையே ஓர் இளைஞர் வந்தார். பிளக்கைச் செருகிப் பார்த்தார், மெஷினைக் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. "பம்ப் மோட்டார் போயிடுச்சுங்க மேடம், போர்டும் அடிவாங்கிருக்கு, இங்க வச்சுப் பார்க்க முடியாது" என்று சொல்லி எடுத்துச் சென்றார். வந்து பார்த்ததற்கு 350 ரூபாய் தனி. சில நாள் கழித்து மெஷின் வந்தது, சூடாகவும் செய்தது. பம்ப், போர்டு, கூலி என்று மூன்று வரிகள் எழுதிய பில் ஒன்றையும் தந்தார். அதில் கடையின் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கழற்றிய பழைய பாகங்களும் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனிக்கு ரிட்டர்ன் போயிடுங்க" என்றார்.

இந்த வகை மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் எவரும் அந்தப் பில்லைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். சாதாரண டிரிப் காபி மேக்கரில் பம்ப் என்ற ஒன்றே கிடையாது. ஜாடி உட்காரும் சூட்டுத் தட்டுக்கு அடியில் லாட வடிவில் வளைந்த ஹீட்டர் ஒன்றும், அதை ஒட்டியே செல்லும் அலுமினியக் குழாய் ஒன்றும் இருக்கின்றன. தொட்டித் தண்ணீர் தானாகவே சரிந்து, ஒருவழி வால்வைக் கடந்து அந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. அங்கே கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும்போது, வால்வு பின்னால் போக விடாததால், அந்தக் குமிழிகள் தண்ணீரை மேல் குழாய் வழியாகத் தள்ளிக் காபித்தூள் மேல் கொட்டுகின்றன. தட்டைச் சூடாக வைப்பதும் தண்ணீரை மேலே ஏற்றுவதும் அந்த ஒரே ஹீட்டர்தான். எஸ்பிரெசோ மெஷின்களில் பம்ப் உண்டு என்பது உண்மை, ஆனால் அவை விலையிலும் வடிவிலும் வேறு இனம்.

இதை எனக்கு விளக்கியவர் செவ்வாய்ப்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் ஒரு பெரியவர். திரும்பி வந்த மெஷின் சில நாளிலேயே மீண்டும் திணறி, பிளாஸ்டிக் கருகும் நெடியும் வரத் தொடங்கியதும், அவரிடம் எடுத்துப் போனோம். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முடிச்சு. டேப்பை உரித்தால், வெறும் செம்புக் கம்பியை இரண்டு முறை முறுக்கி விட்டிருந்தார்கள். "தெர்மல் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம்மா இது, அதை எடுத்துட்டு நேரா ஒட்டு போட்டிருக்காங்க" என்றார் பெரியவர். ஹீட்டர் அளவு மீறிச் சூடானால் ஒரே முறை அறுந்து மின்சாரத்தை நிரந்தரமாக நிறுத்துவதற்காக வைக்கப்பட்ட சிறு பாகம் அது. தெர்மோஸ்டாட் சூட்டைக் கூட்டிக் குறைக்கும். அது சிக்கிக்கொண்டால் கடைசிக் காவல் இந்த ஃபியூஸ்தான். சில மெஷின்களில் இரண்டு கூட இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒட்டுப் போட்ட மெஷினை நாங்கள் காலையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறோம்.

பிறகு அவர் ரப்பர் குழாயைப் பிடுங்கி, அலுமினியக் குழாயின் வாயைக் காட்டினார். உள்ளே வெள்ளை உப்பு கெட்டியாகப் படிந்து, நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கே வழி இருந்தது. நோயே அதுதான். போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கொதிக்கும் இடத்தில் படிந்து குழாயை அடைக்கின்றன. தண்ணீர் நகராததால் ஹீட்டரின் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, ஃபியூஸ் அறுந்திருக்கிறது. அவர் உப்பைக் கரைத்து எடுத்து, பழையதன் அளவிலேயே புதுத் தெர்மல் ஃபியூஸ் போட்டுத் தந்தார். அதை ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும். சிறு உலோகக் குழலில் நுழைத்து நசுக்கி இணைத்தார். கூலியும் ஃபியூஸுமாகச் சேர்த்து, அந்த இளைஞர் வந்து பார்த்ததற்கு வாங்கிய தொகைகூட ஆகவில்லை.

வாரண்டி விஷயம் இதைவிட வயிற்றெரிச்சல். பின்னர் கம்பெனி எண் கிடைத்து, அவர்கள் சொன்ன உண்மையான சர்வீஸ் கடைக்குப் போனபோது, வெளி ஆள் திறந்த மெஷினுக்கு வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பெயரில் விளம்பரம் செய்த அந்த எண்ணுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார்கள். அந்த எண்ணை மீண்டும் அழைத்தால், முதலில் வேறொருவர் எடுத்து "ராங் நம்பர்" என்றார், பிறகு எடுப்பதே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுக்கலாம். பில், பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், அந்த முறுக்கிய கம்பி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

உங்கள் மெஷின் மெதுவாக இறக்குகிறது, சத்தம் போடுகிறது, ஆனால் சூடாகிறது என்றால், யாரையும் அழைக்கும் முன் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, காபித்தூள் இல்லாமல் பாதி அளவு ஓடவிட்டு, மெஷினை நிறுத்தி அரைமணி நேரம் ஊறவிட்டு, மீதியை ஓடவிட வேண்டும். வெள்ளைச் செதில்கள் வருவது நல்ல அறிகுறி. பிறகு வெறும் நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதம் ஒருமுறை செய்வது நல்லது. மேட்டூர்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது உப்போடு அலுமினியக் குழாயையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கூடையிலிருந்து காபி வழிந்து கொட்டினால் அதுவும் பழுது அல்ல. நம் ஊர்ப் பில்டருக்கு அரைக்கும் சிக்கரி கலந்த நைஸ் தூள், ஊறி உப்பி வடிகட்டியை அடைத்துவிடும். ஏற்காட்டுக் கொட்டை வாங்கி அரைக்கக் கொடுக்கும்போது சிக்கரி வேண்டாம், ரவை பதத்துக்கு அரைத்தால் போதும் என்று சொன்னால் சரியாகிவிடும். ஜாடியின் மூடி சரியாக உட்காராவிட்டாலும், சொட்டு நிறுத்தும் வால்வு திறக்காமல் மேலேயே நிரம்பும். கொதித்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பிக் குமிழியிட்டால் மட்டும் ஒருவழி வால்வைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சூடே ஆகவில்லை என்றால் வெளியே கொடுக்கத்தான் வேண்டும். வாரண்டி இருந்தால், கார்டிலோ மெஷின் வந்த பெட்டியிலோ அச்சிட்ட எண்ணை, கிடைக்காவிட்டாலும் மறுநாள் மறுபடி முயலுங்கள். வாரண்டி முடிந்திருந்தால், உங்கள் கண் முன்னே அடித்தட்டைத் திறக்கும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். மாற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள். டிரிப் மெஷினுக்குப் பம்ப் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், மெஷினை அவர் கையில் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.