டி.எஸ்.எச். நார்மல், களைப்பு மட்டும் தீரவில்லை: அடுத்து எந்தப் பரிசோதனை?

களைப்பு, முடி உதிர்தல், எடை கூடுதல் என்று பரிசோதனைக்குச் சென்றவருக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 2.8 என்று வந்தால், 'தைராய்டு நார்மல்' என்ற பதிலே கிடைக்கும். பெரும்பாலும் அது சரியான பதில்தான். தைராய்டு ஹார்மோன் சற்றே குறைந்தாலும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். அளவைப் பல மடங்கு கூட்டிவிடும் என்பதால், இதைவிட நுட்பமான முதல் சோதனை இல்லை.

களைப்பு நீடித்தால், டி.எஸ்.எச். சோதனையையே மறுபடி எடுப்பது மலிவான வழி. இரவில் ஏறிப் பிற்பகலில் இறங்கும் அளவு இது என்பதால், முன்பு எடுத்த அதே காலை நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்குபவர்கள் குறைந்தது 2 நாட்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைக் குறைத்தும், ஃப்ரீ டி4 (இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) அளவைக் கூட்டியும் காட்டி, உண்மையான குறைபாட்டையே மறைத்துவிடும்.

ஃப்ரீ டி4 சேர்ப்பது அதைவிடப் பயனுள்ளது. பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் டி.எஸ்.எச். இயல்பாகத் தெரியும், டி4 மட்டும் குறைந்திருக்கும். இது அரிது, ஆனால் பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு கண்டு, பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல் இருக்கும் பெண்ணிடம் இதைச் சந்தேகிக்காமல் விடக்கூடாது. பேக்கேஜ்களில் வரும் மொத்த டி3, டி4 இதற்கு ஈடாகாது. கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் அவற்றை உயர்த்திக் காட்டும்.

தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி டி.பி.ஓ. சோதனை சொல்வது இன்றைய நிலையை அல்ல, வரவிருப்பதை. இங்கிலாந்தின் விக்கம் ஊரில் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.எச். இயல்பாக இருந்து இந்த எதிர்ப்பொருள் மட்டும் காணப்பட்ட பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தினருக்கே தைராய்டு குறைபாடு வந்தது. ஒருமுறை பார்த்தால் போதும். இருந்தால் ஆண்டுதோறும் டி.எஸ்.எச். பார்க்கலாம். டி4இலிருந்து உண்டாகும் செயலற்ற வடிவமான ரிவர்ஸ் டி3க்குச் செலவிடுவது வீண் என்பதே என் கருத்து.

அந்தப் பணத்தை, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினுக்கும் வைட்டமின் பி12க்கும் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் 15க்குக் கீழ் இறங்கியிருக்கக்கூடும். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களிடம் பி12 குறையும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்ஸின் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதப்பட்டால், இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராக்ஸின் குடலில் சரியாகச் சேராது.